தீட்டு: ஒரு சொல், இரண்டு அர்த்தம்

(மாணவர்களுக்கான கலை இலக்கிய முகாம் ஒன்றில் பேசியதன் எழுத்து வடிவம்)



ஓவியம் பற்றிப் பேசச் சொல்லிக் கூப்பிட்டிருக்கிறீர்கள். நான் ஓவியன் இல்லை. கவிதை எழுதுகிறவன், பிழைப்புக்கு வங்கியில் கிளார்க். ஆனால் இங்கே உட்கார்ந்திருக்கிற மாணவர்களில் நிறையப் பேர் தூரிகை பிடிக்கிறவர்கள். சுவரில் அம்பேத்கர் முகம் வரைகிறீர்கள், மாநாட்டுத் தட்டி எழுதுகிறீர்கள், சிலபேர் ஓவியக் கல்லூரியில் எண்ணெய் வண்ணம் பழகுகிறீர்கள். உங்கள் வேலையைப் பற்றி உங்களுக்கே பாடம் நடத்த நான் வரவில்லை. உங்களுக்கு முன்னால் இதே வேலையைச் செய்து பிழைத்த ஒருவரைப் பற்றிச் சொல்லி, அதிலிருந்து நமக்கான கேள்வி ஒன்றை எடுக்கலாம் என்று வந்திருக்கிறேன்.

அவர் இங்கிலாந்துக்காரர். பேர் ஜார்ஜ் ஸ்டப்ஸ். 1724இல் பிறந்து 1806இல் இறந்தவர். குதிரை, புலி, வரிக்குதிரை, காண்டாமிருகம், கங்காரு என்று மிருகங்களையும், கூடவே மனுஷ முகங்களையும் எண்ணெய் வண்ணத்தில் வரைந்ததுதான் அவருடைய ஜீவனம். “பிரபுக்களுக்குக் குதிரை வரைஞ்சு குடுத்த வெள்ளைக்காரனுக்கும் நமக்கும் என்னய்யா சம்பந்தம்?” என்று நீங்கள் கேட்கலாம். சம்பந்தம் இருக்கிறது தோழர். தோல் சம்பந்தம்.

ஸ்டப்ஸ் பிறந்தது லிவர்பூலில். அந்த நூற்றாண்டில் அடிமை வியாபாரக் கப்பல்கள் புறப்பட்ட பெரிய துறைமுகம் அது. அப்பா தோல் தொழிலாளி. பதனிட்ட தோலைச் சுரண்டி, எண்ணெயும் கொழுப்பும் ஏற்றி, வளைந்து கொடுக்கிற பக்குவத்துக்குக் கொண்டுவந்து விற்கிற தொழில். மகனும் பதினைந்து பதினாறு வயதுவரை அந்தப் பட்டறையில்தான் கிடந்தார். பிறகு ஓவியர் ஒருவரிடம் தொழில் பழகப் போனார். அந்த ஓவியர் கொடுத்த வேலை, பெரிய மனிதர் வீட்டு ஓவியங்களைப் பார்த்து நகல் எடுப்பது. கொஞ்ச நாளிலேயே அதை உதறிவிட்டு வந்துவிட்டார். நகலைப் பார்த்து நகல் எடுக்க மாட்டேன், உயிரைப் பார்த்து வரைவேன் என்பது அவருடைய பிடிவாதம். யார்க் நகரத்து மருத்துவமனையில் மனித உடற்கூறு படித்தார். 1751இல் வெளிவந்த பேறுகால மருத்துவ நூல் ஒன்றுக்குப் படங்கள் போட்டார்.

அடுத்துச் செய்ததுதான் முக்கியம். 1756 வாக்கில் லிங்கன்ஷயரில் ஹார்க்ஸ்டோ என்கிற கிராமத்தில், ஊருக்கு ஒதுங்கிய ஒரு பண்ணை வீட்டைப் பிடித்தார். கூட இருந்தவர் மேரி ஸ்பென்சர் என்கிற பெண், அவருடைய துணைவி. பதினெட்டு மாதம் இரண்டுபேரும் அங்கே குதிரை அறுத்தார்கள். குதிரைக்குள்ளே என்ன இருக்கிறது என்று பார்ப்பதற்காக அறுத்தார்கள். இரத்தக் குழாய்களில் கொழுப்பை உருக்கி ஊற்றி உருக்குலையாமல் நிறுத்தினார்கள். உத்தரத்திலிருந்து இரும்புக் கம்பியும் கொக்கியும் போட்டு, நிற்கிற பாவனையிலேயே குதிரையைத் தொங்கவிட்டார்கள். முதலில் தோலை உரிப்பது, வரைவது. அடுத்து ஒரு அடுக்குத் தசையை எடுப்பது, வரைவது. இப்படியே எலும்புவரைக்கும். ஒரு குதிரை பதினோரு வாரம்வரை தொங்கியிருக்கிறது. அந்த நாற்றத்தை நான் விவரிக்க வேண்டாம். நம்மில் பலருக்குத் தெரியும்.

அந்தப் படங்களைச் செப்புத் தகட்டில் செதுக்கித் தரச் செதுக்குத் தொழில் தெரிந்தவர்கள் முன்வரவில்லை. பகலில் வயிற்றுப்பாட்டுக்கு ஓவியம் தீட்டிக்கொண்டு, மிச்ச நேரத்தில் தகடுகளைத் தாமே செதுக்கினார். 1766இல் ‘குதிரையின் உடற்கூறு’ என்கிற புத்தகம் வந்தது. ஓவியர்களும் கால்நடை வைத்தியர்களும் அதற்கப்புறம் தலைமுறை தலைமுறையாக அதைப் புரட்டினார்கள்.

இப்போது நம் ஊருக்கு வருவோம்.

நம் ஊரில் மாடு செத்தால் சேரிக்கு ஆள் வரும். இழுத்துக்கொண்டு போனவன் நம் தாத்தன். கத்தி எங்கே இறங்கினால் தோல் கிழியாமல் வரும், எந்த மூட்டில் தட்டினால் கால் கழலும், எந்தத் தோல் பறைக்கு ஆகும், எது செருப்புக்கு ஆகும் என்றெல்லாம் அவனுக்குத் தெரியும். ஆவாரம்பட்டை எவ்வளவு போட்டால் தோல் என்ன நிறத்துக்கு வரும் என்று தெரியும். மயிர் நீக்கிய தோலைப் புளியங்கொட்டைப் பசை தடவிச் சட்டத்தில் இழுத்து ஒட்டி, நெருப்பில் காட்டி, சுதி ஏற்றத் தெரியும். இதற்குப் பேர் என்ன? உடற்கூறு, ரசாயனம், ஒலியியல். ஆனால் இந்தத் தேசம் அதற்கு வைத்த பேர் தீட்டு.

தமிழில் இந்தச் சொல்லைக் கொஞ்சம் கவனியுங்கள். சித்திரம் வரைவதும் தீட்டுதான். தொடக்கூடாது என்பதும் தீட்டுதான். லிவர்பூல் தோல்காரர் மகனின் கையில் அது முதல் அர்த்தம் ஆனது. நம் தாத்தன் கையில் இரண்டாவது அர்த்தமாகவே நிறுத்தி வைக்கப்பட்டது. இரண்டுபேரும் தொட்டது ஒரே பிணத்தைத்தான். அங்கே புத்தகம் ஆனது, இங்கே தனிக் குவளை ஆனது.

“அவர்கள் படித்தவர்கள், எழுதி வைத்தார்கள், நீங்கள் எழுதி வைக்கவில்லையே” என்று சாதி இந்து அறிஞர் பெருமக்கள் சொல்லக்கூடும். எழுத்தைத் தடுத்தவனே ‘எழுதவில்லையே’ என்று கேட்கிற கெட்டிக்காரத்தனம் இது. ஒரு சம்பவம் சொல்கிறேன். 1836இல் கல்கத்தா மருத்துவக் கல்லூரியில் பண்டிட் மதுசூதன் குப்தா என்கிற வைத்தியச் சாதிக்காரர் ஒரு மனிதப் பிணத்தை அறுத்தார். அந்தச் சேதியைக் கொண்டாட வில்லியம் கோட்டையில் பீரங்கி முழங்கியதாக இன்றும் சொல்வார்கள். சாஸ்திரத் தடையை மீறிய வீரம் என்று எழுதுவார்கள். துணிச்சல்தான், மறுக்கவில்லை. ஆனால் அதற்கு முந்தின நாளும் அடுத்த நாளும் இந்தத் தேசம் முழுக்கப் பிணம் தொட்டவன் இருந்தானே, அவனுக்கு எந்தக் கோட்டையில் என்ன முழங்கியது? உயர்சாதிக் கை பிணத்தைத் தொட்டால் விஞ்ஞானம், நம் கை தொட்டால் தீட்டு. இன்றைக்கும் அரசு ஆஸ்பத்திரிப் பிணவறையில் போய்ப் பாருங்கள். கத்தி பிடிக்கிறவர் யார், சான்றிதழில் கையெழுத்துப் போடுகிறவர் யார்?

எண்ணெய் ஓவியம் என்றால் ஏதோ பட்டுப்போன்ற சமாச்சாரம், மேட்டுக்குடிச் சமாச்சாரம் என்கிற பிரமை நமக்கு இருக்கிறது. அது எதனால் ஆனது? சீலையை நேராக எண்ணெய் வண்ணம் தொட்டால் நாள்பட இழை மக்கிப் போகும். அதனால் முதலில் பசை பூசி அடைக்க வேண்டும். அந்தக் காலத்தில் அந்தப் பசை மிருகத் தோலைக் காய்ச்சி எடுத்தது; நம் தச்சர்கள் வச்சிரம் என்பார்களே, அந்த ஜாதிப் பசை. தூரிகை, பன்றி மயிர். ஆழமான கறுப்பு வேண்டுமென்றால் எலும்பைச் சுட்டு அரைத்த கரி. இவற்றோடு ஆளிவிதை எண்ணெய். மெதுவாகக் காயும், அதனால் ஒரு கன்னத்தின் வெளிச்சத்தை அதன் நிழலுக்குள் இழைத்து இழைத்துக் கொண்டுபோகலாம். காய்ந்தபின் மேலே மெல்லிய பூச்சு, அது காய்ந்தபின் இன்னொன்று. இதுதான் வித்தை. அரண்மனைச் சுவரில் தொங்குகிற எந்த மகாராஜா படத்தையும் தட்டிப் பாருங்கள். உள்ளே தோல், மயிர், எலும்பு. எல்லாம் சேரிச் சரக்கு.

ஸ்டப்ஸ் இன்னொரு வேலை செய்தார். கேப்டன் குக் முதல் பயணம் முடிந்து 1771இல் திரும்பியபோது, கூடப் போன ஜோசப் பேங்க்ஸ் கங்காருவின் தோல் ஒன்றைக் கொண்டுவந்தார். இங்கிலாந்தில் எந்த ஓவியரும் உயிருள்ள கங்காருவைப் பார்த்ததில்லை. ஸ்டப்ஸ் அந்தத் தோலை ஊதி உப்பவைத்து, குறிப்புகளை ஒப்பிட்டு, 1772இல் எண்ணெய் வண்ணத்தில் வரைந்தார். ஐரோப்பா கங்காருவை அறிந்துகொண்டதில் அந்தப் படத்துக்குப் பெரிய பங்கு உண்டு. வெறும் தோலைப் பார்த்து உள்ளே இருந்த உயிரைச் சொல்வதற்கு எந்தப் படிப்பு வேண்டும்? ராயல் அகாதெமி அதைச் சொல்லித் தராது. தோல் பட்டறையும் ஹார்க்ஸ்டோவும் சொல்லித் தரும்.

அகாதெமி என்றதும் ஒன்று ஞாபகம் வருகிறது. ஐரோப்பிய ஓவியத்திலும் ஒரு படிநிலை இருந்தது. 1667இல் பிரான்சில் ஃபெலிபியன் என்பவர் அதை வரிசைப்படுத்தி எழுதினார். பூ, பழம், சிப்பி வரைகிறவன் கீழே. நிலக்காட்சி அதற்கு மேலே. உயிருள்ள மிருகங்களை வரைகிறவனுக்குச் செத்த பொருள்களை வரைகிறவனைவிட மதிப்பு. மனித உருவம் இன்னும் மேலே. புராணமும் வரலாறும் வரைகிறவன் உச்சியில். தலையில் பிறந்தவன், தோளில் பிறந்தவன் என்று கேட்டுப் பழகிய நமக்கு இது புதிதல்ல. லண்டனில் 1768இல் தொடங்கிய ராயல் அகாதெமியும் இந்த வரிசையை நம்பியது. ஸ்டப்ஸ் மனுஷ முகமும் வரைந்தார், புராணமும் வரைந்தார், வயல் வேலையும் வரைந்தார். ஆனாலும் ‘குதிரை ஓவியர்’ என்கிற முத்திரை கடைசிவரை போகவில்லை. 1781இல் முழு உறுப்பினராகத் தேர்ந்தெடுத்தார்கள். விதிப்படி ஒரு ஓவியத்தை அகாதெமிக்குக் கொடுக்க வேண்டும். அவர் கொடுக்கவில்லை; உறுப்பினர் பதவியும் உறுதியாகவில்லை.

ஆனால் ஒரு எச்சரிக்கை. ஓவிய வகைகளின் படிநிலையும் சாதியும் ஒன்றல்ல. தோல்காரர் மகன் பிரபுவின் வீட்டுக்குள் போகலாம், அவன் குடிக்கிற கிணற்றில் குடிக்கலாம், தொழிலை மாற்றலாம். பிறப்பு அவருக்குத் தடையாக இருந்தது, சிறையாக இல்லை. இந்த வித்தியாசத்தை அழித்துவிட்டு “எல்லா நாட்டிலும் இதே கதைதான்” என்று பேசுகிறவர்களை நம்பாதீர்கள். அவர்கள் சாதியைக் காப்பாற்றுகிறார்கள்.

அதேபோல் ஸ்டப்ஸைக் கொண்டாடவும் வேண்டாம். யாருக்கு வரைந்தார்? பிரபுக்களுக்கு. ராக்கிங்ஹாம் பிரபுவின் பந்தயக் குதிரை விஸில்ஜாக்கெட். அதை 1762 வாக்கில் ஆளுயரத்துக்கும் மேலே, ஏறி உட்கார ஒரு ராஜாவும் இல்லாமல், பின்னால் மரமும் வானமும் இல்லாமல், வெற்று மஞ்சள் பழுப்பின் மேல் தனியாக நிறுத்தினார். 1997இல் லண்டன் தேசிய ஓவியக் கூடம் அதை 1 கோடியே 10 லட்சம் பவுண்டுக்கு வாங்கியது. 1785இல் அறுவடைக்காரர்களையும் வைக்கோல் அள்ளுகிறவர்களையும் வரைந்தார். அருமையான ஓவியங்கள். ஆனால் அறுக்கிறவர்களின் உடுப்பில் ஒரு சேறு இல்லை, வியர்வை இல்லை. பக்கத்தில் குதிரைமேல் உட்கார்ந்து ஒருவன் மேற்பார்க்கிறான். கீழத்தஞ்சை வயலில் நாற்று நட்டவர்களுக்கு அந்தக் குதிரைக்காரன் யார் என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

எழுபத்தைந்து வயதில் அவர் வரைந்த இன்னொரு படம் உண்டு. 1799இல் நியூமார்க்கெட் பந்தயத்தில் ஹாம்பிள்டோனியன் என்கிற குதிரை ஜெயித்தது. சவுக்கடியிலும் முள்குத்திலும் ரத்தம் சொட்டச் சொட்ட ஜெயித்தது. சொந்தக்காரர் சர் ஹென்றி வேன்-டெம்பெஸ்டுக்கு வெற்றிப் படம் வேண்டும். ஸ்டப்ஸ் வரைந்ததில் கூட்டம் இல்லை, கைதட்டல் இல்லை. களைத்து நிற்கிற குதிரை. கடிவாளம் பிடித்த ஒருவர். முதுகின்மேல் கை போட்டு நிற்கிற லாயத்துப் பையன். இரண்டுபேரும் நேராக நம்மைப் பார்க்கிறார்கள். பிரபு பணம் தரவில்லை. கிழவர் கோர்ட்டுக்குப் போய் 300 கினிக்கு வழக்காடி ஜெயித்தார். கூலியைக் கேட்டு வாங்குவதும் கலைஞனின் வேலைதான். “கலைக்கு விலையா?” என்று கேட்கிற எவனும் தன் சம்பளத்தை விட்டுக்கொடுத்ததில்லை.

இப்போது மதராசுக்கு வருவோம். ஜார்ஜ் பிகட் 1763வரை மதராஸ் கவர்னராக இருந்தவர். ஊர் திரும்பியவர், மூன்றாம் ஜார்ஜ் மன்னருக்கு ஒரு சிவிங்கிப்புலியைக் காணிக்கை கொடுத்தார். அதைப் பார்த்துக்கொள்ள இரண்டு இந்தியர்களும் கப்பலேறினார்கள். 1764இல் விண்ட்சர் பூங்காவில் ஒரு கலைமானை நிறுத்தி, சிவிங்கியை ஏவி வேடிக்கை காட்டினார்கள். கலைமான் கொம்பால் முட்டிச் சிவிங்கியை விரட்டிவிட்டது. பிகட்டுக்காக ஸ்டப்ஸ் இந்தக் காட்சியை வரைந்தார். இப்போது மான்செஸ்டர் ஓவியக் கூடத்தில் இருக்கிறது. வெள்ளை உடுப்பில் இரண்டு மனிதர்கள். ஒருவர் குனிந்து சிவிங்கியைப் பிடித்திருக்கிறார். இன்னொருவர் கைநீட்டி மானைக் காட்டுகிறார். கேலிச்சித்திரமாக வரையவில்லை, குதிரைக்குக் கொடுத்த அதே கவனத்தை அந்தக் கறுத்த முகங்களுக்கும் கொடுத்திருக்கிறார். தோலின் மினுமினுப்பு, தாடையின் இறுக்கம், விரல்களின் நிதானம் எல்லாம் இருக்கிறது.

ஆனால் படத்தின் பேர் என்ன தெரியுமா? ‘சிவிங்கிப்புலியும் கலைமானும், இரண்டு இந்தியர்களுடன்’. குதிரைக்கு விஸில்ஜாக்கெட் என்று பேர் உண்டு. பந்தயத்தில் ஓடியதற்கு ஹாம்பிள்டோனியன் என்று பேர் உண்டு. ஒரு சிவிங்கியை வளைத்து, பழக்கி, கடல் தாண்டிக் கொண்டுபோய் நிறுத்திய அறிவுக்குச் சொந்தக்காரர்கள் வெறும் இலக்கம். ‘இரண்டு’. முகம் கொடுத்த ஓவியம் பேரைக் கொடுக்கவில்லை.

பழங்கதை என்று நினைக்க வேண்டாம். இந்தியாவில் சிவிங்கிப்புலி அழிந்துவிட்டதாக 1952இல் அரசு அறிவித்தது. 2022 செப்டம்பரில் நமீபியாவிலிருந்து எட்டு சிவிங்கிகளை மத்தியப் பிரதேசத்துக் குனோ காட்டில் கொண்டுவந்து விட்டார்கள். ஒன்றுக்கு ஆஷா என்று பிரதமரே பேர் வைத்தார். பத்திரிகைகள் ஒவ்வொன்றின் குடும்ப வரலாறும் எழுதின. அதே குனோவில் அதற்கு இருபது சொச்சம் வருஷத்துக்கு முன்னால், சிங்கம் வரப்போகிறது என்று சொல்லி 24 கிராமங்களைக் காலி செய்தார்கள். பெரும்பாலும் சஹாரியா ஆதிவாசிகள். அந்தச் சிங்கம் குனோவுக்கு வரவே இல்லை. அவர்களில் ஒரே ஒருவர் பேராவது நமக்குத் தெரியுமா? மிருகத்துக்குப் பேர் வைப்பதை நான் எதிர்க்கவில்லை. சிவிங்கி வாழட்டும். மனுஷனை எண்ணிக்கையாக்குகிற கண்ணைத்தான் கேள்வி கேட்கிறேன்.

இங்கே ஒரு எதிர்வாதம் வரும், வரவேண்டும். “தோல் உரிப்பது அறிவு, கலை என்று பேசினால், குலத்தொழிலைப் புனிதமாக்குவதாக ஆகாதா? இதைத்தானே காந்தி செய்தார்?” நியாயமான கேள்வி. 1927இல் மகாடில் அம்பேத்கர் செத்த மாட்டு இறைச்சியை விடச் சொன்னார். செத்த மாட்டை இழுக்கிற வேலையையும் உதறச் சொன்னார். அதில் எனக்கு இம்மியும் மாற்றுக் கருத்து இல்லை. 2016 ஜூலையில் குஜராத்தின் ஊனா பகுதியில், செத்த மாட்டின் தோலை உரித்ததற்காக நம் சகோதரர்களைக் கட்டிவைத்து அடித்தார்கள், அதைப் படமும் எடுத்துப் பரப்பினார்கள். அப்போது குஜராத் தலித்துகள் சுரேந்திரநகர் கலெக்டர் அலுவலகத்தின் முன்னால் மாட்டுப் பிணங்களைக் கொண்டுவந்து கொட்டினார்கள். இனி நாங்கள் எடுக்க மாட்டோம் என்றார்கள். சரியான பதில்.

தொழிலை விட்டேதான் ஆகவேண்டும். பிறப்பால் கட்டிய எந்தத் தொழிலையும் விட வேண்டும். ஆனால் தொழிலை விடுகிறபோது, அதில் இருந்த அறிவும் கேவலம்தான் என்று அவன் சொன்னதை நாம் ஒப்புக்கொண்டு விடக்கூடாது. நம் பிள்ளைகள் மருத்துவக் கல்லூரிக்கும் ஓவியக் கல்லூரிக்கும் போகும்போது, தாத்தன் கத்தியை மறைத்துவிட்டுப் போகிறார்கள். “எங்க வீட்டுல யாருக்கும் இதெல்லாம் தெரியாது” என்கிறார்கள். தெரியும். மூட்டு எங்கே கழலும் என்று ஆத்தாளுக்கும் தெரியும். ஸ்டப்ஸ் தோல் தொழிலை விட்டுவிட்டார். தோலைப் பற்றித் தெரிந்ததை விடவில்லை. அதை வைத்துக்கொண்டுதான் அகாதெமிக்காரனைவிட நல்ல குதிரை வரைந்தார். கட்டாயத்தை உதறுவதும் அறிவுக்கு உரிமை கொண்டாடுவதும் ஒரே போராட்டத்தின் இரண்டு கைகள்.

கடைசியாக, தூரிகை பிடிக்கிற தோழர்களிடம் சில விஷயங்கள். சுவரில் அண்ணலின் நீலக் கோட்டு முகத்தை வரைகிறீர்கள். ஊர்த்தெருவின் முகப்பில் அந்த முகம் இருப்பதற்காக வெட்டுப்பட்டவர்கள் இருக்கிறார்கள், அதன் மதிப்பு எனக்குத் தெரியும். அதை வரைந்துகொண்டே இருங்கள். ஆனால் அந்த முகத்தோடு நின்றுவிடாதீர்கள். ஒரே படத்தின் நகலுக்கு நகல் எடுத்துக் கை பழகிவிட்டால் கண் தூங்கிப்போகும். உங்கள் தெருவில் பறை கட்டுகிறவரை உட்காரவைத்து வரையுங்கள். ஆம்பூரிலும் ராணிப்பேட்டையிலும் தோல் தொட்டியில் நின்று வெந்துபோன கால்களை வரையுங்கள். பிணவறை ஊழியரை வரையுங்கள். இரக்கம் கேட்கிற பாவனையில் வேண்டாம். ஸ்டப்ஸ் குதிரையைப் பார்த்தாரே, அந்தக் கவனத்தோடு வரையுங்கள். தசை எங்கே ஏறுகிறது, எலும்பு எங்கே தாங்குகிறது, எத்தனை வருஷ வேலை தோளில் உட்கார்ந்திருக்கிறது என்று பார்த்து வரையுங்கள். எண்ணெய் வண்ணம் விலை கூடத்தான். நாலுபேர் சேர்ந்து ஒரு டியூப் வாங்குங்கள். சீலை கிடைக்கவில்லையென்றால் பலகை போதும்.

வரைந்து முடித்ததும் கீழே பேர் எழுதுங்கள். உங்கள் பேர் ஓரத்தில் இருந்தால் போதும். உட்கார்ந்து கொடுத்தவரின் பேரை அவர் சம்மதத்தோடு, அவர் சொல்கிற மாதிரியே, எல்லோரும் படிக்கிற எழுத்தில் எழுதுங்கள். ‘தோல் தொழிலாளி’, ‘சேரிப் பெண்’, ‘இரண்டு இந்தியர்கள்’ என்று எழுதாதீர்கள். அடுத்த முகாமில் இந்தச் சுவர் முழுக்க அப்படிப் பேர்கள் இருக்க வேண்டும். அந்தப் படங்களைப் பார்க்க, வரைந்து கொடுத்தவர்களோடு உட்கார்ந்து கொடுத்தவர்களையும் கூட்டிக்கொண்டு வாருங்கள்.

ஜெய் பீம்.